எது முதலில் பழையதாகும்? எரிசக்தி, இலக்கியம், வணிகத் துறை நூல்களைத் தேர்ந்து வாசிக்கும் முறை

ஒரு துறை நூலைக் கையில் எடுத்தவுடன் பெரும்பாலோர் திருப்பிப் பார்ப்பது பின்னட்டையை. நூலை விற்பதற்கென்றே எழுதப்பட்ட பகுதி அது. அதை வைத்து நூலின் தரத்தை எடைபோடுவது, மாப்பிள்ளை வீட்டாரிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதைப் போன்றது. நான் முதலில் திறப்பது தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை. பதிப்பு, அச்சு, பதிப்புரிமை ஆண்டு, நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். ஆகியவை பொடி எழுத்தில் அடுக்கப்பட்டிருக்கும் அந்த ஒரே பக்கம், ஐந்நூறு பக்க நூலை வாங்குவதா விடுவதா என்பதைப் பலமுறை எனக்குத் தீர்மானித்துக் கொடுத்திருக்கிறது.

அந்தப் பக்கத்தில் முதலில் பிரித்தறிய வேண்டியவை பதிப்பும் அச்சும். பதிப்பு மாறினால் உள்ளடக்கம் மாறியிருக்கிறது என்று பொருள். அச்சு மாறினால் தாள்தான் புதிது. பல பதிப்பகங்கள் பக்கத்தின் அடியில் 10 9 8 7 6 5 4 3 என்பதுபோல ஓர் எண்வரிசையை அச்சிடுகின்றன. அதில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அச்சின் எண். மேற்கண்ட வரிசை இருந்தால் அது மூன்றாம் அச்சு. புதிய பதிப்புக்குப் புதிய ஐ.எஸ்.பி.என். தரப்படும், மறு அச்சுக்குப் பழைய எண்ணே தொடரும் என்பதால், இரண்டு பிரதிகளும் ஒன்றா என்ற ஐயத்தை அந்த எண்ணை ஒப்பிட்டே தீர்த்துக்கொள்ளலாம். ஒரே பதிப்பின் கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண்கள் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த எண் 2007 ஜனவரி 1 முதல் 13 இலக்கமாயிற்று. பத்து இலக்க எண் மட்டுமே இருக்கும் பிரதி பெரும்பாலும் அதற்கு முந்தையது.

மின்சாரச் சந்தை பற்றிய ஒரு நூலை ஒருமுறை அச்சாண்டை மட்டும் பார்த்து வாங்கினேன். வழவழப்பான அட்டை, அண்மை ஆண்டு. உள்ளே இருந்த அட்டவணைகள் அனைத்தும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோயிருந்தன. அன்றிலிருந்து இன்னொரு சோதனையையும் சேர்த்துக்கொண்டேன். நூலின் இறுதியிலுள்ள துணைநூற்பட்டியலைப் புரட்டி, அதில் காணப்படும் மிக அண்மைய ஆண்டு எது, பெரும்பாலான மேற்கோள்கள் எந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை என்று பார்ப்பது. பதிப்புரிமை ஆண்டு 2020 என்றிருந்தும் பட்டியல் 2008-உடன் முடிந்துவிட்டால், அந்த நூலின் உண்மையான வயது 2008-இலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் வயதானது என்பதாலேயே ஒரு நூலை ஒதுக்கிவிட முடியாது; இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவதும் அதுதான். எரிசக்தி, இலக்கியம், வணிகம் ஆகிய மூன்று துறைகளின் நூல்களும் மூன்று விதமாக மூப்படைகின்றன. எரிசக்தி நூலில் விதிகள் நிலைத்திருக்க, எண்கள் கெட்டுப்போகின்றன. இலக்கிய நூலில் படைப்பு அப்படியே இருக்க, அதை நமக்குத் தரும் பதிப்பு கேள்விக்குள்ளாகிறது. வணிக நூலில் சட்டமும் தரநிலையும் ஒரு குறிப்பிட்ட நாளில் காலாவதியாகின்றன. அதைவிட மோசமாக, அது சொல்லும் வெற்றிக் கதைகள் தொடக்கத்திலிருந்தே ஆட்டம் காண்பவையாக இருக்கக்கூடும். எனவே வாங்கும் முன் கேட்க வேண்டியது, "இது புதியதா?" என்பதல்ல; "இதில் எது முதலில் பழையதாகும், எனக்குத் தேவைப்படுவது அந்தப் பகுதிதானா?" என்பதே.

நூலின் வகை

துறைக்குள் போகுமுன், கையிலிருப்பது எந்த வகை நூல் என்று அறிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். பாடநூல் ஒரு துறையின் ஒப்புக்கொள்ளப்பட்ட அறிவை வரிசையாகக் கற்பிக்கிறது. அதை அதே வரிசையில் படித்து, பயிற்சிக் கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும், கண்ணால் ஓட்டினால் புரிந்ததுபோன்ற மயக்கம்தான் மிஞ்சும். தனி ஆய்வுநூல் ஒரே வாதத்தை நிறுவ எழுதப்படுவது. அதன் முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் வாசித்து வாதம் இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகு, சான்றுகள் அதைத் தாங்குகின்றனவா என்று நடு இயல்களில் தேடுவது நல்லது. பலர் எழுதிய கட்டுரைத் தொகுப்பில் தரம் இயலுக்கு இயல் ஏறி இறங்கும். முழுவதையும் வாசித்தே தீர வேண்டும் என்ற கடமையுணர்ச்சி அங்கே வேண்டாம். கையேடு என்பது தேடிப் பார்ப்பதற்கு மட்டும்.

எல்லா வகைக்கும் பொதுவான ஒரு கருவி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் இறுதியில் தரும் சொல்லடைவு. பத்து நிமிடம் அதை மட்டும் படித்துப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கு இருபது பக்க எண்கள் இருக்கின்றன, எதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது என்பதிலிருந்து நூலின் உண்மையான அக்கறை வெளிப்பட்டுவிடும். மின்சேமிப்பு பற்றியது என்று தலைப்பில் சொல்லிக்கொள்ளும் நூலின் சொல்லடைவில் மின்கலத்தின் ஆயுள் குறைவதைப் பற்றி ஒரு பதிவும் இல்லையென்றால், தலைப்பை நம்ப வேண்டியதில்லை. நானூறு பக்க ஆய்வுநூலில் சொல்லடைவே இல்லாதிருப்பதும் ஒரு செய்திதான். அந்த நூலைச் செப்பனிட யாரும் பணமோ பொழுதோ செலவிடவில்லை என்று அது சொல்கிறது.

எரிசக்தி நூல்கள்

இத்துறையின் நூல்களைத் தேடுபவர் முதலில் தடுமாறுவது நூலகத்தில்தான், ஏனென்றால் அவை ஒரே அலமாரியில் இருப்பதில்லை. மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில், எரிசக்தியைப் பொருளாதாரமாகவும் கொள்கையாகவும் பேசும் நூல்கள் 333.79-இல் இருக்கும், பொறியியலாகப் பேசுபவை 621.042-இலும், மின் உற்பத்தி 621.31-இலும் இருக்கும். 333-க்கும் 621-க்கும் இடையே பல அலமாரிகள் இருப்பதால், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்த நூலகத்தில் ஒன்றுமில்லை என்று திரும்பியவர்கள் உண்டு.

நூலைத் திறந்ததும் நிலைக்கும் பகுதியையும் நிலைக்காத பகுதியையும் பிரித்துக்கொள்ளுங்கள். வெப்ப இயந்திரத்தின் செயல்திறனுக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ கண்டது இன்றும் நிற்கிறது. காற்றாலையின் சுழலி தன்னைக் கடந்துபோகும் காற்றின் இயக்க ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்ற பெட்ஸ் வரம்பு நூறாண்டைக் கடந்தும் அசையவில்லை. இவற்றைக் கற்க நாற்பதாண்டுப் பழைய பாடநூல் போதும். பல நேரங்களில் அதுதான் புதியதைவிடத் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதே நூலின் செலவு இயலைத் தொடக்கூடாது. பெரிய அளவிலான சூரிய மின் நிலையங்களின் மின் உற்பத்திச் செலவு 2010-க்கும் 2020-க்கும் இடையே உலகச் சராசரியில் சுமார் 85 விழுக்காடு குறைந்ததாகப் பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. ஆகவே 2010-இல் வெளியான நூல், சூரிய மின்சாரம் கட்டுப்படியாகாது என்று நேர்மையாகவே எழுதியிருக்கலாம். இன்று அதை வரலாற்று ஆவணமாகத்தான் வாசிக்க முடியும்.

எண்களை வாசிக்கும்போது அலகுகளில் ஏமாறாமல் இருப்பது அடுத்த படி. மெகாவாட் என்பது திறன், மெகாவாட் மணி என்பது ஆற்றல். இந்த இரண்டையும் ஓரிடத்திலாவது குழப்பும் நூலை நான் அந்தப் பக்கத்திலேயே மூடிவிடுகிறேன். 1 மெகாவாட் நிலையம் ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடுவதில்லை. சராசரியாக 20 விழுக்காடு திறனில் ஓடினால் ஆண்டுக்கு 1,752 மெகாவாட் மணி கிடைக்கும், 80 விழுக்காட்டில் ஓடினால் 7,008 கிடைக்கும். இரண்டு தொழில்நுட்பங்களை நிறுவிய திறனை மட்டும் வைத்து ஒப்பிடும் அட்டவணை இந்த நான்கு மடங்கு வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. டன் எண்ணெய்க்கு நிகர் என்ற அலகு வந்தால் அது 41.868 கிகாஜூல், அதாவது 11,630 கிலோவாட் மணி என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டால் பாதிப் பக்கங்கள் விளங்கிவிடும்.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கல், கணக்கிடும் மரபுகளில் இருக்கிறது. ஒரு நூல் உலக முதன்மை ஆற்றலில் (மின்சாரமாகவோ வேறு வடிவமாகவோ மாற்றுவதற்கு முன் மூலங்களிலிருந்து பெறும் ஆற்றலில்) நீர்மின்சாரத்தின் பங்கைச் சிறியதாகக் காட்டும், இன்னொன்று அதையே இரண்டரை மடங்காகக் காட்டும், இரண்டிலும் தவறில்லை. சர்வதேச எரிசக்தி முகமையின் மரபில் நீர்மின்சாரத்தின் ஒரு யூனிட் ஒரு யூனிட்டாகவே கணக்கில் ஏறுகிறது. அணுமின் நிலையத்தின் ஒரு யூனிட்டுக்கோ, அதை உண்டாக்கிய வெப்பத்தையும் சேர்த்து ஏறத்தாழ மூன்று யூனிட் பதிவாகிறது. மற்றொரு மரபில், அதே நீர்மின்சாரத்தை ஓர் அனல்மின் நிலையம் உற்பத்தி செய்திருந்தால் எவ்வளவு எரிபொருள் செலவாகியிருக்கும் என்று பார்த்து அந்த அளவை எழுதுகிறார்கள். எந்த மரபு என்று முறையியல் குறிப்பில் சொல்லாத நூலின் வட்ட வரைபடங்களை மேற்கோள் காட்டுவது ஆபத்து.

வெப்ப மதிப்பிலும் இதே கதை. எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்தால் ஹைட்ரஜனுக்குக் கிலோவுக்குச் சுமார் 142 மெகாஜூல், சேர்க்காவிட்டால் சுமார் 120. குறைந்த மதிப்பை அடிப்படையாகக் கொள்ளும் நூலில், நீராவியைக் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் கொதிகலனின் செயல்திறன் 100 விழுக்காட்டைத் தாண்டியிருப்பதைக் கண்டு இயற்பியல் பொய்த்துவிட்டதோ என்று திகைக்க வேண்டாம்.

ஒரு யூனிட் மின்சாரத்தின் ஆயுட்காலச் சராசரிச் செலவைத் தரும் அட்டவணைகளில் ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள்: தள்ளுபடி வீதம். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் இந்த வீதம் 3 விழுக்காடா 10 விழுக்காடா என்பதைப் பொறுத்து, கட்டும்போதே பெரும்பணத்தை விழுங்கும் அணுமின் நிலையமோ பெரிய அணையோ மலிவானதாகவோ விலையுயர்ந்ததாகவோ தோன்றும்; எரிபொருளுக்கே பெரும்பகுதி செலவாகும் எரிவாயு நிலையத்தின் எண் அந்த அளவுக்கு அசையாது. வீதத்தைச் சொல்லாமல் செலவைச் சொல்லும் ஆசிரியர், தம் முடிவை முதலிலேயே எடுத்துவிட்டவராக இருக்கலாம்.

இலக்கிய நூல்கள்

இலக்கிய மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம்: அட்டையில் பெயர் போட்டிருக்கும் படைப்புதான் உள்ளே இருக்கிறதா? ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் 1603, 1604–05, 1623 ஆகிய ஆண்டுகளில் மூன்று வேறுபட்ட வடிவங்களில் அச்சானது. கடைகளில் கிடைக்கும் பல பதிப்புகள் பிந்திய இரண்டையும் கலந்து, பதிப்பாசிரியர் உருவாக்கிய நான்காவது வடிவத்தைத் தருகின்றன. மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் 1818-இல் ஒரு வடிவத்திலும், அவரே திருத்திய இன்னொரு வடிவத்தில் 1831-இலும் வந்தது. ஒன்றைப் பற்றி எழுதிய ஆய்வுரையை மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால், மேற்கோள் காட்டிய வரி அகப்படாமல் திண்டாட நேரும். நமக்கு இது புதிதல்ல. மணக்குடவர் உரைக்கும் பரிமேலழகர் உரைக்கும் இடையே குறள்களின் வரிசையும் சில இடங்களில் பாடமும் மாறுவதை அறிந்தவர், குறள் எண்ணை எழுதும்போதே எந்த உரையின் வரிசை என்று குறிப்பார்.

ஆகவே ஆய்வுக்கு வாங்குவதானால் பாடபேதங்களை, அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் சொற்களையும் வரிகளையும், தரும் பதிப்பையே தேடுங்கள். பதிப்பாசிரியர் எந்தெந்தச் சுவடிகளையும் முன்பதிப்புகளையும் ஒப்பிட்டார், ஐயம் வந்த இடத்தில் எதைக் கொண்டு எதை விட்டார், ஏன் என்பதை முன்னுரையிலும் அடிக்குறிப்பிலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது நச்சினார்க்கினியர் உரையோடு சேர்த்துப் பல பிரதிகளை ஒப்புநோக்கிய உழைப்பு, இன்றும் பதிப்புக்கு ஓர் அளவுகோல். முன்னுரை வெறும் புகழுரையாக இருந்து, மூலம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரியும் இல்லாத பதிப்பை இன்பத்துக்காக வாசிக்கலாம், ஆய்வுக்கு மேற்கோள் காட்ட வேண்டாம். பதிப்புரிமை தீர்ந்த பழைய நூல்களை இயந்திரத்தால் வருடி, எழுத்துணர் மென்பொருள் செய்த பிழைகளையும் திருத்தாமல், கேட்டவுடன் அச்சிட்டுத் தரும் பிரதிகள் இணையக் கடைகளில் மலிந்திருக்கின்றன. மாதிரிப் பக்கத்தில் வரிகள் உடைந்திருக்கின்றனவா, அடிக்குறிப்புகள் காணாமற் போயிருக்கின்றனவா என்று பார்க்காமல் அவற்றை வாங்கக்கூடாது.

மொழிபெயர்ப்பில் இன்னொரு படி கூடுகிறது. மொழிபெயர்த்தவர் மூலமொழியிலிருந்து செய்தாரா, இடையில் வேறொரு மொழி இருந்ததா, எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டார், சுருக்கினாரா என்ற தகவல்கள் பதிப்புரிமைப் பக்கத்திலோ மொழிபெயர்ப்பாளர் குறிப்பிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மொழிபெயர்ப்பை வைத்துச் சொல்லாட்சி பற்றி வாதிடுவது மணலில் வீடு கட்டுவதாகும்.

திறனாய்வு நூல்களுக்கு வயது பார்ப்பதில் நான் தாராளமானவன். எழுபதாண்டுப் பழைய திறனாய்வை அதற்குப் பின்வந்த கோட்பாடு தோற்கடித்துவிட்டதாக எண்ணுவது தவறு. தகவல் பிழைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு கூர்ந்த வாசகர் ஒரு கவிதையில் கண்டது இன்றும் அங்கே இருக்கிறது.

வணிக நூல்கள்

இங்கே நூலை இரண்டாகப் பிரித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்: விதிகளைச் சொல்பவை, கதைகளைச் சொல்பவை.

கணக்கியல், வரி, வணிகச் சட்டம் ஆகியவற்றின் நூல்கள் மருந்துக் குப்பியைப் போலக் காலாவதித் தேதி உடையவை. பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகளில் குத்தகைகளுக்கான ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 2019 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை குத்தகைக்கு எடுத்த நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே நின்ற பெரும்பாலான குத்தகைகள் சொத்தாகவும் கடனாகவும் உள்ளே வந்தன. அதற்கு முந்தைய பாடநூலில் கற்ற கடன் விகிதத்தைக் கொண்டு இன்றைய விமான நிறுவனத்தையோ சில்லறைக் கடைத் தொடரையோ அளந்தால் விடை தவறும். ஏற்றுமதி இறக்குமதி நூல்களில், விற்பவர் வாங்குபவர் பொறுப்புகளை வரையறுக்கும் பன்னாட்டு வணிக விதிமுறைகளான இன்கோடெர்ம்ஸ் 2010 என்றிருந்தால் 2020 பதிப்பு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்று அறிக. எந்த நாட்டுத் தரநிலையை நூல் பின்பற்றுகிறது என்பதையும் முதல் இயலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடைசியில் வந்த சரக்கு முதலில் விற்றதாகக் கொள்ளும் இருப்பு மதிப்பீட்டு முறையை அமெரிக்கப் பாடநூல் விரிவாகக் கற்பிக்கும், பன்னாட்டுத் தரநிலைகளிலோ அதற்கு அனுமதியே இல்லை.

கதை சொல்லும் நூல்களில் எனக்கு ஐயம் அதிகம். வெற்றிபெற்ற நிறுவனங்களை மட்டும் திரட்டி, அவற்றிடம் பொதுவாக இருந்த பண்புகளைப் பட்டியலிட்டு, இவையே வெற்றியின் காரணங்கள் என்று முடிக்கும் நூல்கள் பல. இரண்டாம் உலகப் போரில் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் எதிர்கொண்ட கேள்வி இதற்குச் சரியான மருந்து: திரும்பி வந்த விமானங்களில் குண்டுத் துளை இருக்கும் இடங்களை மட்டும் பார்த்துக் கவசம் போடக்கூடாது, ஏனென்றால் வேறிடங்களில் அடிபட்டவை திரும்பி வரவேயில்லை. அதே பண்புகளோடு தொழில் நடத்தி மூடிப்போன நிறுவனங்களை ஆசிரியர் தேடினாரா என்று பாருங்கள். நிறுவனம் செழித்திருந்தபோது அதன் தலைவரை உறுதியானவர் என்றும், சரிந்த பின் அவரையே பிடிவாதக்காரர் என்றும் விவரிக்கும் பேட்டிகள்தாம் நூலின் சான்றுகள் என்றால், அதில் கற்க அதிகம் இல்லை. ஒரு நிறுவனத்தின் உண்மைச் சூழலை விவரிக்கும் வகுப்பறைக்கான நேர்வாய்வுகள் (கேஸ் ஸ்டடி) இதைவிட நேர்மையானவை. அவை விவாதத்துக்காகத் தரப்படுபவை, சரியான நிர்வாகத்துக்கான எடுத்துக்காட்டாக அல்ல என்று பலவற்றின் முதற் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

துறைகள் கலக்கும் இடம்

மூன்று அலமாரிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. மின் திட்டங்களுக்கு நிதி திரட்டுவது பற்றிய நூல் எரிசக்தியும் வணிகமும் கலந்தது. எண்ணெய் நம் காலத்தை இவ்வளவு ஆட்டிப்படைத்தும் நாவல்களில் ஏன் அது அரிதாகவே இடம்பெறுகிறது என்று 1992-இல் ஒரு கட்டுரையில் கேட்ட அமிதவ் கோஷ், அதற்காக எண்ணெய்ப் புனைவு என்று பொருள்படும் ஒரு சொல்லையும் படைத்தார்; அதன் பிறகு எரிசக்தியை இலக்கியத்தின் வழியே ஆராயும் நூல்கள் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கின்றன. இத்தகைய நூலை அதன் வலுவான பக்கத்தை வைத்து மதிப்பிடக்கூடாது. இலக்கியப் பேராசிரியர் எழுதியதானால் எண்களைச் சரிபாருங்கள். பொறியாளர் எழுதியதானால் அவர் மேற்கோள் காட்டும் நாவலின் பதிப்பைச் சரிபாருங்கள்.

பெறுவதும் குறிப்பதும்

விலை பெரும் தடை என்பதால், வாங்குமுன் மற்ற வழிகளைத் தீர்த்துவிட வேண்டும். உங்கள் நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து இரவலாகப் பெற்றுத் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. நூலகரிடம் வாய்திறந்து கேட்டால்தான் அது தெரியவரும். மதிப்பாய்வுக்கு உட்பட்ட ஆய்வுநூல்களில் சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவற்றை, 2012 முதல் இயங்கும் திறந்த அணுக்க நூல் விவரத் தொகுப்பு (DOAB) என்ற இணையதளத்தில் தேடலாம். இலக்கியம் அங்கே நிறைய அகப்படும். கணக்கியல், பொருளாதாரம், மேலாண்மைக்கான தொடக்கநிலைப் பாடநூல்களை ஓப்பன்ஸ்டாக்ஸ் (OpenStax) என்ற பதிப்பகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அடிப்படை இயற்பியலும் பொறியியலும் வேண்டுமானால் முந்தைய பதிப்பைப் பழைய புத்தகமாக வாங்குவதில் இழப்பு ஏதுமில்லை, ஆனால் பதிப்பகம் வெளியிட்ட பிழைத்திருத்தப் பட்டியலைத் தேடிப் பிரதியிலேயே திருத்திக்கொள்ளுங்கள். கணக்கியலுக்கு மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

குறிப்பெடுக்கும்போது துறைக்கேற்ப ஒரு சொல் கூடுதலாக எழுதுங்கள். எரிசக்தி எண்ணுக்குப் பக்கத்தில் அலகு, அளந்த ஆண்டு, கணக்கிட்ட மரபு. இலக்கிய மேற்கோளுக்குப் பக்கத்தில் பதிப்பாசிரியர் பெயரும் செய்யுள் எண் அல்லது காட்சி எண்ணும், ஏனென்றால் பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். வணிக விதிக்குப் பக்கத்தில் அது நடைமுறைக்கு வந்த நாள். என் கணக்கியல் நூலின் முதல் தாளில் 2027 ஜனவரி 1 என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். நிதி அறிக்கைகளை அளிக்கும் விதத்தை வகுத்த பழைய பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐ.ஏ.எஸ். 1-ஐ நீக்கி ஐ.எஃப்.ஆர்.எஸ். 18 நடைமுறைக்கு வரும் நாள் அது. அதன் பிறகு இலாப நட்டக் கணக்கு பற்றிய இயலுக்குப் புதிய பதிப்பைத்தான் திறக்க வேண்டும், மற்ற இயல்களுக்கு இதே பிரதி இன்னும் சில காலம் தாங்கும்.